கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும்

ஒரு பல்கலைக் கழகத்தின் பெருமையை அதன் நூலகத்தைக் கொண்டு அளப்பவர் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்தைக் கொண்டு அளப்பவர் உண்டு. அமெரிக்க நாட்டிலோ விளையாட்டரங்கைக் கொண்டும் அளக்கிறார்கள். ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக் கழகம் 1927-இல் திறந்த அரங்கில் இன்று 1,07,601 பேர் அமரலாம். ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகம், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகம் ஆகியவற்றின் அரங்குகளும் இலட்சம் பேருக்கு மேல் கொள்வன. ஒரு நகரத்து மக்கள் அனைவரும் ஒரு பிற்பகல் முழுதும் ஒரே கிண்ணத்துக்குள் வந்து அமர்ந்தது போன்ற காட்சி அது.

அந்த இலட்சம் பேரும் இன்று வெறுங்கையுடன் வருவதில்லை. ஆளுக்கொரு கைப்பேசி வருகிறது. நுழைவுச் சீட்டு அதில் இருக்கிறது. பணப்பை அதில் இருக்கிறது. நண்பன் எந்த வாயிலில் நிற்கிறான் என்ற செய்தியும் அதில்தான் வரவேண்டும். ஆட்டத்தில் ஒரு திருப்பம் நேர்ந்த அந்த நொடியில் ஆயிரமாயிரம் கைகள் உயர்கின்றன. ஆயிரமாயிரம் படங்கள் ஒரே நேரத்தில் அரங்கை விட்டு வெளியே ஓட முயல்கின்றன. ஓடுகின்றனவா? பெரும்பாலும் இல்லை. திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது.

இஃது அமெரிக்கருக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணிவிட வேண்டா. 2010-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டியில் ரக்பி ஆட்டங்கள் தில்லிப் பல்கலைக் கழக மைதானத்தில் நடந்தன. 2020-இல் புவனேசுவரத்தில் கேலோ இந்தியா பல்கலைக் கழகப் போட்டிகள் தொடங்கின. நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களும் பெரிய அரங்குகளைக் கட்டுகின்றன, பழையவற்றைப் புதுப்பிக்கின்றன. கல்லும் சிமெண்டும் பற்றி ஆண்டுக் கணக்கில் ஆராய்கிறோம். வைஃபை என்றவுடன் மட்டும், “எல்லாம் முடிந்த பிறகு நாலு பெட்டி மாட்டிவிடலாம்” என்கிறோம். இந்த எண்ணம் தவறானது. நம் மாணவருக்கு அநீதியானதும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காற்று ஒன்று, பேசுவோர் பலர்

கம்பியில்லா வலைப்பின்னலின் முதல் பாடம் ஒரு பல்கலைக் கழகத்தில்தான் பிறந்தது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக் கழகத்தில் நார்மன் ஆபிராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய துணைவரும் ‘அலோஹா’ என்ற அமைப்பை இயக்கினர். தீவுகளுக்கிடையே தொலைபேசிக் கம்பியை நம்பாமல், வானொலி அலையின் வழியே கணிப்பொறிகளை இணைப்பது அவர்தம் நோக்கம். எல்லா நிலையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யாருக்குச் செய்தி இருக்கிறதோ அவர் அனுப்பிவிடலாம். இன்னொருவர் செய்தியோடு மோதிச் சிதைந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். எளிய ஏற்பாடுதான். ஆனால் கணக்குப் போட்டபோது வெளிப்பட்ட உண்மை கசப்பானது. இத்தகைய அமைப்பில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கு மேல் பயன் பெற முடியாது. அதற்கு மேல் ஆள் சேரச் சேர மோதல்தான் மிகும், செய்தி குறையும்.

1997-இல் முதன்முதல் வகுக்கப்பட்ட வைஃபை முறை இதைவிடப் பண்பட்டது. பேசுமுன் காது கொடுத்துக் கேள். பிறர் பேசினால் பொறுத்திரு. அமைதி ஏற்பட்டபின் பேசு என்பது அதன் ஒழுக்கம். இருபது பேர் உள்ள வகுப்பறையில் இந்த ஒழுக்கம் அழகாக நடைபெறுகிறது. இருபதினாயிரம் பேர் உள்ள அரங்கில் என்ன ஆகும்? ஒவ்வொரு கருவியும் இன்னொன்றின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாம் பண்போடு காத்திருக்கும். பேச முறை வந்தபாடில்லை!

உரத்த குரல் உதவாது

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகின்றனர். “கடைசி வரிசைக்கு எட்டவில்லையா? சக்தியைக் கூட்டுங்கள், உயரமான கம்பத்தில் மாட்டுங்கள்” என்று கட்டளை பிறக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது இதற்கெனவே சொன்னது போல இருக்கிறது.

‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று வழங்கும் அலைப்பெட்டி உரக்கக் கூவினால் அதன் குரல் அரங்கின் மறுகோடி வரை கேட்கும். கைப்பேசியின் திரையில் ஐந்து கோடும் எழும். ஆனால் கைப்பேசி திரும்பப் பேச வேண்டாவா? அதன் குரல் மெல்லிய குரல். பெட்டியின் சொல் கைப்பேசிக்குக் கேட்கிறது. கைப்பேசியின் சொல் பெட்டிக்குக் கேட்பதில்லை. கோடு நிறைந்திருக்க, காரியம் நடக்காத விந்தை இவ்வாறு விளைகிறது. அத்துடன், அந்தக் கூவலைக் கேட்ட அதே அலைவரிசைப் பெட்டிகள் யாவும் வாய்மூடி நிற்க வேண்டும். கேட்கும் தூரமெல்லாம் காத்திருக்கும் தூரம். ஆகவே சக்தியைக் கூட்டக் கூட, அரங்கு முழுவதும் ஒரே வரிசையில் நிற்கும்.

சித்திரை வெயிலில் ஊரார் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். வீதியின் ஒரு கோடியில் ஒரு பெரிய தொட்டியைக் கட்டி, ஊரையே அங்கே வரச் சொல்வதில்லை. நூறு அடிக்கு ஒரு சிறு பந்தல், ஒரு பானை, ஒரு குவளை. அருகில் உள்ளவர் அருகிலேயே குடித்துப் போகிறார். நெருக்கடி மிக்க இடத்துக்குரிய வைஃபை அமைப்பும் இதுவே. பல சிறு பெட்டிகள்; ஒவ்வொன்றும் தாழ்ந்த குரலில், தன் எதிரில் அமர்ந்துள்ள சிலருடன் மட்டும் பேச வேண்டும். அடக்கமே இங்கு ஆற்றல்.

தலையை எண்ணுக

அலுவலகக் கட்டடத்துக்கு வரைபடம் போடுவோர் தரையின் பரப்பை அளப்பர். அரங்குக்கு அளக்க வேண்டியது பரப்பு அன்று, தலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 இருக்கை உள்ள அரங்கு என்று கொள்வோம். பாதிப்பேர் ஒரே வேளையில் இணைந்தால் 10,000 கைப்பேசி. ஒரு பெட்டிக்கு 60 கைப்பேசி என்று அளவோடு வைத்தால் ஏறத்தாழ 167 பெட்டிகள் வேண்டும். சரி, 167 பெட்டிகளுக்கும் பேச இடம் எங்கே? பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று படியாத அலைவரிசைகள் மூன்றே மூன்று. 167 பெட்டிகளை மூன்றில் அடைத்தால் ஒரே அலைவரிசையில் ஐம்பத்தைந்து பெட்டிகள் போட்டியிடும். அது வலைப்பின்னல் அன்று, சந்தைக் கூச்சல்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2005-இல் உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத் திறந்துவிட்டனர். கட்டடத்துக்கு வெளியிலும் பயன்படுத்தலாம். அதை 20 மெகாஹெர்ட்ஸ் வீதம் பகுத்தால் ஏறத்தாழ இரண்டு டஜன் அலைவரிசைகள் கிட்டும். 167 பெட்டிகளை அவற்றில் பரப்பினால் ஓர் அலைவரிசைக்கு ஏழு பெட்டி. அந்த ஏழையும் அரங்கின் வெவ்வேறு மூலைகளில் வைத்துவிட்டால் ஒன்றன் குரல் மற்றொன்றுக்குக் கேளாது. இதனால்தான், விளம்பரங்களில் புகழப்படும் 80, 160 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதைகளை அரங்கில் பயன்படுத்தலாகாது என்கிறோம். அகன்ற பாதை நாலு பேருக்கு வேகம் தரும்; மற்றவர் வழியை அடைக்கும். 2020-இல் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. நம் நாட்டில் அதன் கீழ்ப்பகுதியான 500 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகள் 2025-இல் வந்தன. கட்டடத்துக்குள்ளே குறைந்த சக்தி, வெளியே மிகக் குறைந்த சக்தி என்பது அவற்றின் நிபந்தனை. கூரையில்லா அரங்கு அதை மட்டும் நம்பித் திட்டமிடலாகாது.

மேலிருந்தா, கீழிருந்தா?

பெட்டிகளை எங்கே வைப்பது? கூரை உள்ள அரங்கில், ஒரு திசையை மட்டும் நோக்கும் ஆண்டெனாக்களைக் கூரையில் மாட்டி, விளக்கொளி பாய்ச்சுவது போல இருக்கைகளின்மேல் பாய்ச்சலாம். மிச்சிகன் அரங்கைப் போல வானம் பார்த்த கிண்ணமாக இருந்தால் நடு இருக்கைகளுக்கு மேலே மாட்ட இடம் ஏது? அப்போது படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியிலோ, இருக்கையின் அடியிலோதான் வைக்க வேண்டும்.

இருக்கையின் அடியிலா என்று வியக்க வேண்டா. சான்டா கிளாராவில் 2014-இல் திறக்கப்பட்ட லீவைஸ் ஸ்டேடியம் பல்கலைக் கழகத்துக்கு உரியதன்று, தொழில்முறைக் குழு ஆடும் அரங்கு. ஆனால் அங்கே ஏறத்தாழ 1,200 பெட்டிகளை வைத்தனர். அவற்றுட் பல இருக்கைகளின் அடியில் இருந்தன. இதில் ஒரு நுட்பம் உண்டு. மனித உடலிற் பெரும்பகுதி நீர். இந்த அலைகளை நீர் நன்றாக உறிஞ்சும். கீழே வைத்த பெட்டியின் குரல் சுற்றியுள்ள சில வரிசைகளைத் தாண்டுமுன் உடல்களிற்பட்டுத் தேய்ந்துவிடும். வேறிடத்தில் தடையாகக் கருதும் கூட்டத்தையே இங்கே சுவராகப் பயன்படுத்துகிறோம்.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. வெற்றரங்கில் அளந்து, “எங்கும் நன்றாக இருக்கிறது” என்று சான்று எழுதுவது பயனற்ற சடங்கு. ஆளற்ற அரங்கின் காற்று வேறு. ஆள் நிறைந்த அரங்கின் காற்று வேறு. ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணைப் பணம் அரங்கு நிரம்பிய நாளின் அளவைப் பார்த்த பிறகே கொடுக்கப்பட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நம் பல்கலைக் கழகங்கள் கைக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

பெட்டிக்குப் பின்னே கம்பி வேண்டும் என்பதையும் மறவற்க. கம்பியில்லா வலை என்பது பெயரளவில்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் செய்தியையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும் செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகலாகாது. ஆகவே அரங்கைச் சுற்றிலும் சிறு சிறு அறைகள் தேவை. அவற்றை இணைக்கக் கண்ணாடி இழை வடம் தேவை. 2015-இல் புதுப்பித்து முடித்த டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகத்தின் கைல் ஃபீல்டு அரங்குக்குக் கண்ணாடி இழை வடமே முதுகெலும்பு. கான்கிரீட் போடும்போது ஒரு குழாயைப் புதைப்பதற்குச் செலவு சிறிது. போட்ட பிறகு துளைப்பதற்குச் செலவு பெரிது. கட்டடக் கலைஞரும் வலைப்பின்னல் பொறியியலாரும் முதல் நாளே ஒரு மேசையில் அமர வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

சில்லறையில் சிதறும் காற்று

பெட்டியை நல்ல இடத்தில் வைத்தாலும் ஆட்சி சரியில்லையேல் பயனில்லை. ஒவ்வொரு பெட்டியும், “நான் இன்ன வலை, இங்கே இருக்கிறேன்” என்று நொடிக்குப் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு ஏறத்தாழ 300 பைட் என்றும், நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற மிகப் பழைய வேகத்தில் போகிறது என்றும் கொள்வோம். காற்றின் நேரத்தில் 2.4 விழுக்காடு அதற்கே போயிற்று. மாணவருக்கு ஒரு பெயர், ஆசிரியருக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒரு பெயர், பத்திரிகையாளருக்கு ஒரு பெயர், நன்கொடையாளருக்கு ஒரு பெயர் என ஐந்து வைத்தால் 12 விழுக்காடு. ஒன்றன் குரல் ஒன்றுக்குக் கேட்கும் நான்கு பெட்டிகள் இருந்தால் ஏறத்தாழ பாதி நேரம் பெயர் சொல்லியே கழிந்தது! யாரும் ஒரு வரி செய்தி அனுப்பவில்லை. பாதிக் காற்று தீர்ந்தது. பழைய வேகங்களை மூடிவிட்டு, பெயர்களை ஒன்றிரண்டாகச் சுருக்கினால் இந்தச் செலவு மிகச் சிறிதாகிவிடும். இதற்குக் காசு வேண்டா. ஒருவருடைய பெயர்ப் பலகையை எடுக்கும் துணிவுதான் வேண்டும்.

வாயிற் கதவு

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பொது இடத்து வைஃபையைப் பயன்படுத்துவோர் யார் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பது 2009 முதல் தொலைத்தொடர்புத் துறையின் நிபந்தனை. ஆகவே கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் ஓ.டி.பி. அனுப்புகிறார்கள். அரங்கு நிரம்பி, செல்போன் கோபுரம் திணறும் வேளையில் அந்தக் குறுஞ்செய்தி எப்படி வரும்? செல்போன் அலை கிடைக்கவில்லை என்றுதான் வைஃபையை நாடுகிறோம். வைஃபையோ செல்போன் அலை இருந்தால்தான் கதவைத் திறப்பேன் என்கிறது. பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதை!

பல்கலைக் கழகத்துக்கு இந்த அவலம் தேவையே இல்லை. தன் மாணவர் யார் என்பது அதற்குத் தெரியும். ‘எடுரோம்’ என்ற ஏற்பாட்டில் சேர்ந்த கல்வி நிலையத்தின் மாணவர், சேர்ந்த வேறெந்த நிலையத்துக்குப் போனாலும், தம் சொந்தப் பெயரையும் மறைச்சொல்லையும் கொண்டே இணையலாம். இந்தியாவில் எர்நெட் நிறுவனம் இதை நடத்துகிறது. விடுதி அறையில் ஒருமுறை பதிந்து வைத்த கைப்பேசி அரங்குக்குள் வந்ததும் தானே இணைந்துவிடும். வெளியூரிலிருந்து ஆட வந்த குழுவினருக்கும் இதுவே வழி. மற்றப் பார்வையாளருக்கு, நுழைவுச் சீட்டு வாங்கும்போதே, வீட்டிலிருந்தபடியே அடையாளப் பதிவை முடித்துவிடலாம். பதிந்த எண்களை விளம்பரக்காரரிடம் விற்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் தோன்றலாகாது. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023-இல் சட்டம் இயற்றிய நாடு இது.

மறுப்புகள்

“ஆட்டம் பார்க்க வந்தவனுக்குக் கைப்பேசி எதற்கு? ஆட்டத்தைப் பார்!” என்று பெரியோர் கூறுவர். அக்கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சீட்டைத் தாளில் அச்சிடுவதை நிறுத்தியவர் மாணவர் அல்லர். சில்லறை இல்லை, யு.பி.ஐ.யில் கொடு என்று சிற்றுண்டிக் கடையில் சொல்பவரும் மாணவர் அல்லர். எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் அடைத்துவிட்டு, கைப்பேசியைப் பாராதே என்று அறிவுரை கூறுவது நேர்மையாகுமா?

“5ஜி வந்துவிட்டதே, வைஃபை எதற்கு?” என்பார் சிலர். 2022 அக்டோபரில் நம் நாட்டில் 5ஜி தொடங்கியது உண்மை. அதுவும் காற்றில்தான் செல்கிறது. அதற்கும் அரங்கினுள் சிறு நிலையங்கள் பல வேண்டும். அவற்றுக்கும் இதே குழாயும் வடமும் அறையும் வேண்டும். ஒன்றுக்காகச் செய்யும் அடிப்படை வேலை மற்றொன்றுக்கும் உதவும். இரண்டும் பங்காளிகள், பகைவர் அல்லர்.

“ஆண்டில் ஏழெட்டு நாளுக்காக இவ்வளவு செலவா?” என்பது மூன்றாவது கேள்வி. இதுதான் நியாயமான கேள்வி. இதற்கு விடை, அரங்கை ஏழெட்டு நாளுக்குப் பூட்டி வைக்காமல் இருப்பதே. பட்டமளிப்பு விழா அங்கே நடக்கலாம், கலைவிழா நடக்கலாம், புதிய மாணவர் சேர்க்கை நடக்கலாம். அனைத்துக்கும் மேலாக, அந்த வலைப்பின்னல் ஆண்டு முழுவதும் பொறியியல் மாணவரின் ஆய்வுக்கூடமாக இருக்கலாம். நெருக்கடியில் அலைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை எந்தப் பாடநூலைவிடவும் அந்த அரங்கு நன்றாகக் கற்பிக்கும். அலோஹாவை ஆக்கியது பல்கலைக் கழகம். நாமோ நம் வளாகத்து வலையை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கெட்டுப்போனால் புகார் எழுதுகிறோம்.

கடைசி வரிசை

எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம் ஒன்று உண்டு. பணம் குறைவு என்றவுடன் வரைபடத்தில் முதலில் அழிக்கப்படுவது எது? கண்ணாடி அறைகளில் அமரும் விருந்தினருக்கு அறைக்கொரு பெட்டி இருக்கும். மேடைக்கு இருக்கும். பத்திரிகையாளருக்கு இருக்கும். மலிவான சீட்டு வாங்கிய மாணவர் நெருக்கியடித்து நிற்கும் கோடிப் பகுதியில்தான் “பிறகு பார்க்கலாம்” என்று எழுதுவார்கள். கூட்டம் மிகுந்த இடம் அதுவே. ஆகவே பெட்டி மிகுதியாக வேண்டிய இடமும் அதுவே. முதற்பந்திக்குப் பாயசம் இருமுறை; கடைசிப் பந்திக்கு இலையே இல்லை என்றால் அது விருந்தாகாது.

இது படம் அனுப்பும் இன்பத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2025 ஜூன் 4-ஆம் நாள் பெங்களூரில் சின்னசாமி விளையாட்டரங்கத்துக்கு வெளியே நெரிசலில் பதினொருவர் மாண்டனர். வைஃபை இருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று கூறமாட்டேன். கூட்டத்தைக் காப்பது வாயிலும் வழியும் காவலும்தான். ஆனால் எந்த வாயில் அடைத்திருக்கிறது, எந்த வழி திறந்திருக்கிறது என்ற சொல் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் எட்ட வேண்டும் என்பதை யாரும் மறுக்க இயலாது. ஒலிபெருக்கிக்குத் துணையாக, ஒவ்வொரு கையிலும் உள்ள கருவி அந்த வேளையில் ஊமையாக நிற்கலாமா? அச்சம் கொண்ட ஒரு பெண் வீட்டுக்கு, “நலமாக இருக்கிறேன்” என்று இரண்டு சொல் அனுப்ப முடியாமல் தவிக்கலாமா?

ஆதலின் நம் கோரிக்கைகள் நான்கு. அரங்கின் வரைபடம் தீட்டும் நாளிலேயே வலைப்பின்னலின் வரைபடமும் தீட்டப்பட வேண்டும். கணக்கு, தலையை எண்ணிப் போடப்பட வேண்டும். அதுவும் கடைசி வரிசையிலிருந்து தொடங்கி முன்னே வரவேண்டும். மாணவர் தம் பல்கலைக் கழக அடையாளத்தாலேயே இணைய வேண்டும், ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும் கொடுமை ஒழிய வேண்டும். நிறைந்த அரங்கில், மாணவர் குழுவும் உடன் நின்று அளந்து சோதித்த பிறகே பணி முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

மாணவத் தோழர்களே, இவற்றில் ஒன்றேனும் எட்டாக் கனியா? அளவுக் கருவியைக் கையில் ஏந்தி வரிசை வரிசையாக நடக்க நம்மிடம் கால்கள் இருக்கின்றன. கணக்குப் போட மூளை இருக்கிறது. நம் வளாகத்தில் அடுத்த விழாவுக்குக் கூட்டம் கூடும் நாளில், பத்துப் பேர் சேர்ந்து, கோடியில் உள்ள கடைசிப் படியிலிருந்து தொடங்கி அளந்து வருவோம். கண்டதை எழுதி நிர்வாகத்தின் மேசையில் வைப்போம். வெறும் குறை சொல்லும் கூட்டம் என்ற பெயர் நமக்கு வேண்டா. எண்ணோடு வந்து நிற்கும் கூட்டம் என்ற பெயர் வரட்டும். எண்ணைக் கண்டபின் இல்லை என்று சொல்வது எந்த நிர்வாகத்துக்கும் எளிதன்று.